உப்பு போட்ட ஐஸில் வைத்த மருந்து

மீன் விற்கிற பொம்பளைக்கு வயிறு வீங்கினால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "குடிப்பியா?" என்பதுதான். ரத்தம் எடுத்தவன் கேட்டான். ஸ்கேன் எடுத்த பெண் கேட்டாள். லிஃப்ட் அருகே நின்ற வாட்ச்மேன்கூடக் கேட்டான். நான் குடிப்பதில்லை. என் புருஷன் கன்னியப்பனும் குடிப்பதில்லை. கடலுக்குப் போகிறவன் எல்லாம் குடிகாரன் என்று நினைக்கிறவர்களுக்காக இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வந்தது மஞ்சள்காமாலையில் ஒரு வகை, பி வைரஸ். பிறக்கும்போது அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், எப்போதோ போட்ட ஊசியில் வந்திருக்கலாம் என்றார்கள். கண் மஞ்சளாகவில்லை, காய்ச்சல் வரவில்லை. வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் என் ஈரலைத் தின்றிருக்கிறது. ஈரல் சுருங்கித் தழும்பேறிப் போனால் வயிற்றுக்குள் தண்ணீர் சேரும். அதுதான் எனக்கு நடந்தது.

முதலில் கால் வீங்கியது. நாள் முழுக்கப் பட்டினப்பாக்கத்தில் குந்தி உட்கார்ந்து மீன் அரிகிறவளுக்குக் கால் வீங்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் வயிறு. பக்கத்துக் கடைக்காரி கேட்டாள்: "இன்னா கஸ்தூரி, இந்த வயசுல விசேஷமா?"

"ஆமாண்டி, பேரு வெக்க உன் புருசனத்தான் கூப்பிடப் போறேன்" என்றேன். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அதற்கு அடுத்த வாரம் மாடிப்படி ஏற முடியவில்லை. மூச்சு முட்டியது.

மந்தைவெளிப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். பேர் வேண்டாம். அங்கே ரத்தம் பார்த்த டாக்டர், "ஆல்புமின் ரொம்பக் கம்மியா இருக்கு, தினம் ஒரு பாட்டில் ஏத்தணும்" என்றார். உள்ளங்கையில் அடங்குகிற கண்ணாடி பாட்டில். உள்ளே தேன் கலந்த தண்ணீர் மாதிரி வெளிர் மஞ்சளாக இருக்கும். விலையைக் கேட்டால், எங்கள் போட்டு ஒரு நாள் கடலுக்குப் போய் நல்ல மீன்பாடு கண்டு வந்தால்தான் ஒன்று வாங்கலாம்.

கன்னியப்பன் அந்த டாக்டரிடம் கையைக் கட்டிக்கொண்டு சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "செலவப் பத்திக் கவலப்படாதீங்க சார். எது ஒசந்த மருந்தோ அதப் போடுங்க."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் இதைத்தான் சொல்வோம். சொல்லாவிட்டால் பொண்டாட்டி மேல் பாசம் இல்லாதவன் என்று ஆகிவிடும். சொல்லிவிட்டால் அப்புறம் எதையும் கேட்க முடியாது. எதற்கு இந்த மருந்து, எத்தனை நாளைக்கு, இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிற வாயை நாமே தைத்துக்கொள்கிறோம்.

பாட்டில் ஏறியது. வயிறு கொஞ்சம் இறங்குவது போல இருக்கும், மறுநாள் பழையபடி நிற்கும். என் கழுத்துச் சங்கிலி போயிற்று. அங்கே யாரும் என்னைக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: என்ன சாப்பிடுகிறாய்? வீட்டிலிருந்து கஞ்சி வரும். வாய் கசப்புக்கு நெத்திலிக் கருவாடு வரும். ஒரு கையில் அந்த மஞ்சள் பாட்டில் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்க, இன்னொரு கையால் கருவாட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் எத்தினி பாட்டிலு சார்?" என்று கடைசியில் கன்னியப்பன் கேட்டான்.

"பாப்போம்" என்றார் டாக்டர்.

அந்த ஒரு வார்த்தையில்தான் நாங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாறினோம். அதற்குள் அவர் எழுதிக் கொடுத்து வாங்கிய இரண்டு பாட்டில் மிச்சம் இருந்தது. என் தம்பி முருகேசன் அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனான். முருகேசனுக்கு வேலையே ஐஸ்தான். எங்கள் குப்பத்தில் வருகிற மீனுக்கெல்லாம் ஐஸ் அடித்துப் பெட்டி கட்டுகிறவன்.

அரசாங்க ஆஸ்பத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சீட்டுக்கு ஒரு வரிசை, ரத்தத்துக்கு ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒரு வரிசை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஒரு ஆயா வந்து "ஏந்திரி, தொடைக்கணும்" என்று விரட்டினாள். கட்டில் கிடைக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் பர்வீன். பாண்டி பஜார் பின்னால் ஒரு சந்தில் பிளவுஸ் தைக்கிறவள். அவளுக்கும் ஈரல்தான், அவளுக்கும் வயிறுதான். அவள் கையில் அதே மஞ்சள் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. இங்கேயும் நல்ல மருந்துதான் கொடுக்கிறார்கள்.

மறுநாள் முருகேசன் தெர்மோகோல் பெட்டியோடு வந்தான். பெட்டியைத் திறந்ததும் வார்டு முழுக்கச் சங்கரா மீன் வாசனை. நர்சு மூக்கைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா, சின்ன வயசுதான், தூக்கம் இல்லாத கண், பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே ஐஸ்குச்சி மாதிரி இறுகிக் கிடந்தது.

"இத எங்க வெச்சிருந்தீங்க?"

"ஐஸ்லதாம்மா. கூலிங் வுடக் கூடாதுன்னு மெடிக்கல்ல சொன்னாங்கோ. நம்ம பெட்டியில வெச்சு, மேல கல்லுப்பு தூவி கட்டிட்டேன். ராத்திரி பூரா கல்லாட்டம் நின்னுகினு கீது" என்று முருகேசன் பெருமையாகச் சொன்னான்.

வெயில் காலத்தில் தூர மார்க்கெட்டுக்குப் போகிற மீனுக்கு அப்படித்தான் கட்டுவோம். ஐஸில் உப்பு சேர்ந்தால் குளிர் இன்னும் ஏறும், மீன் விறைத்து நிற்கும். வஞ்சிரத்துக்குச் செய்கிற மரியாதையை அவன் என் மருந்துக்கும் செய்திருக்கிறான்.

"குளிர்ச்சியா வைக்கலாம், உறையவே கூடாது. உறைஞ்சா உள்ள இருக்கற புரதம் கெட்டுடும். இத நான் ஏத்த மாட்டேன்."

"கொஞ்ச நேரம் வெயில்ல வெச்சா இளகிடும்மா."

"இளகும். நல்லதாகாது."

முருகேசன் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். என் சங்கிலியின் பாதி அந்த இரண்டு பாட்டிலில் இருந்தது. கன்னியப்பன் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. தோளில் கையை மட்டும் போட்டான். "வுட்ரா மாப்ள. வேற வாங்கிக்கலாம்."

"வேற வாங்க வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "நல்ல பாட்டிலா இருந்திருந்தாலும் இன்னிக்கு இவங்களுக்கு ஏத்தியிருக்க மாட்டேன்."

எனக்கு வந்ததே கோபம்.

"ஏம்மா, மீன் விக்கறவளுக்கு இன்னாத்துக்குன்னு நெனச்சியா? எங்க காசு போட்டு நாங்க வாங்கியாறோம், உனுக்கு ஏத்தறதுக்கு இன்னா? அதோ பக்கத்துல தொங்குதே, அவளுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?"

"கத்தாதீங்க, மூச்சு வாங்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மூச்சு வாங்கத்தான் செய்தது. அது இன்னும் கோபம்.

பர்வீன் படுத்தபடியே என் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஊசி குத்தி பக்கெட்டு பக்கெட்டா தண்ணி எடுத்தாங்க கஸ்தூரி. அவ்ளோ எடுத்தா இது போட்டே ஆவணுமாம். உனக்கு எடுத்தாங்களா?"

"எடுக்கல."

"அப்பறம் இன்னாத்துக்குக் கூவற?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

கன்னியப்பன் என் தலைமாட்டில் குந்தி, ரகசியமாகச் சொன்னான். "எஞ்சினக் குடுத்துடலாம். காசிமேட்டு ஆளு ஒருத்தன் வந்து பாத்துட்டான். ஞாயித்துக்கெழம காசோட வரேன்னான். பெரிய ஆஸ்பத்திரியாப் பாத்துப் போயிடுவோம்."

எங்களுக்கு இருப்பது ஒரு ஃபைபர் போட்டு, அதன் பின்னால் மாட்டுகிற ஒரு எஞ்சின். எஞ்சின் போனால் போட்டு வெறும் தொட்டி. அப்புறம் அவன் அடுத்தவன் போட்டில் கூலிக்குத்தான் ஏறணும். இத்தனை வருஷம் சொந்தமாகப் போனவன்.

"வித்துடு" என்றேன். வேறு என்ன சொல்வேன்? சாக எனக்கு இஷ்டமில்லை.

மத்தியானம் டாக்டரம்மா மறுபடி வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலையில் இருந்த சிடுசிடுப்பு அப்படியேதான் இருந்தது.

"காலைல என்ன சாப்ட்டீங்க?"

"கஞ்சி."

"தொட்டுக்க?"

"நெத்திலிக் கருவாடு."

"அந்த நர்சிங் ஹோம்ல?"

"அங்கயும் அதான்."

அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "உப்பு தண்ணிய இழுத்துப் புடிச்சி வெச்சுக்கும்மா. நீங்க கருவாட நிறுத்தற வரைக்கும் எந்தப் பாட்டில் ஏத்தினாலும் வயிறு வடியாது."

பிறகு விளக்கினார். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். ஆல்புமின் என்பது ஈரல் செய்கிற ஒரு புரதம். ரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பது அதன் வேலைகளில் ஒன்று. ஈரல் கெட்டால் அது குறையும். குறைந்ததைப் பார்த்து வெளியிலிருந்து ஊற்றினால் ரத்தச் சீட்டில் எண் கொஞ்சம் ஏறும், அப்புறம் கரைந்து போகும். எண்ணைத் திருத்தலாம், ஈரலைத் திருத்த முடியாது. என் மாதிரி நோயாளிக்கு அது கட்டாயம் வேண்டிய நேரம் என்று சில உண்டு. வயிற்றிலிருந்து நிறையத் தண்ணீர் எடுத்தால், அந்தத் தண்ணீரில் கிருமி புகுந்தால், சிறுநீரகம் நிற்கத் தொடங்கினால். அப்போது அதுதான் உயிர். மற்ற நாளில் எனக்கு வேண்டியது வைரசுக்கு ஒரு மாத்திரை, தண்ணீர் இறங்க ஒரு மாத்திரை, உப்பில்லாச் சோறு. மூன்றும் சேர்த்து ஒரு பாட்டில் விலையில் கால்வாசிகூட வராது.

"இது தொழிற்சாலையில தானா ஊறற மருந்து இல்ல. மனுஷங்க குடுத்த ரத்தத்துலேர்ந்து பிரிச்சு எடுக்கறது. இந்த வார்டுல ஒவ்வொரு பாட்டிலுக்கும் எதுக்குன்னு காரணம் எழுதி, பெரிய டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கினாத்தான் ஸ்டோர்ல தருவாங்க. உங்களுக்கு இன்னிக்கு எழுத என்கிட்ட காரணம் இல்ல. காரணம் வந்தா நீங்க கேக்க வேண்டாம், நானே போடுவேன். உங்கள வாங்கிட்டு வரவும் சொல்ல மாட்டேன்."

அவர் போனதும், "எல்லாம் வாய்ப்பேச்சு" என்றேன்.

கன்னியப்பன் செல்போனை எடுத்துக் காசிமேட்டு ஆளிடம், "ஒரு வாரம் போவட்டும்ப்பா" என்றான்.

"யோவ், என் உசுர வெச்சு பந்தயம் கட்டறியா?"

"அந்த நர்சிங் ஹோம் டாக்டரு ஒரு நாளாச்சும் ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காந்தாரா? இந்தம்மா ஒக்காந்து சொல்லுச்சு கஸ்தூரி. பாப்போம்."

அவனோடு அன்று நான் பேசவில்லை. மறுநாள் அவன் கொண்டுவந்த கஞ்சியில் உப்பு இல்லை. எலுமிச்சை பிழிந்திருந்தான். வாயில் வைக்க வழியில்லை. துப்பப் போனேன். அப்போதுதான் பார்த்தேன், அவனும் அதே கஞ்சியை ஒரு சொம்பில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"உனுக்கு இன்னாத்துக்கு உப்பில்லாத?"

"ரெண்டு கஞ்சியா வெப்பாங்க?" என்றான். முழுங்கினேன்.

வயிறு மெதுவாக வடிய ஆரம்பித்தது. பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடந்தே கால் ஓய்ந்தது. ஆனாலும் ராத்திரியில் பர்வீனின் காலிப் பாட்டிலைப் பார்த்தால் வயிறு எரியும். நமக்கு ஒன்று ஏற்றியிருந்தால் இன்னும் சீக்கிரம் வடிந்திருக்குமே என்று தோன்றும். அந்த எண்ணம் அவ்வளவு சுலபத்தில் போகாது. விலை கூடினது நல்லது என்று சொல்லித்தானே நானே வாடிக்கைக்காரர்களிடம் வஞ்சிரத்தைத் தள்ளுகிறேன்.

ஒரு நாள் முற்பகல் குளிர் எடுத்தது. காய்ச்சல். வயிற்றைத் தொட்டால் நெருப்பு மாதிரி வலி. "பாத்தியா, பாட்டில் போட்டிருந்தா இது வந்திருக்குமா" என்று கன்னியப்பனைத் திட்டினேன். அது வரைக்கும்தான் நினைவு. மிச்சத்தைப் பர்வீன் சொன்னாள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாம். நர்சைப் பார்த்து, "வாம்மா, நண்டு உசுரோட கீது, எடுத்துக்கினு போ" என்று கூவினேனாம். நர்சு "எனக்கு நண்டு ஆகாதும்மா" என்று சொல்லிக்கொண்டே என் கையைக் கட்டிலோடு பிடித்திருந்தாளாம்.

டாக்டரம்மா வயிற்றில் சின்ன ஊசி குத்திக் கொஞ்சம் தண்ணீர் எடுத்து அனுப்பினார். தண்ணீரில் கிருமி. ஈரல் கெட்டவர்களுக்கு இது தானாகவே வரும், வந்தால் சிறுநீரகத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், பலர் இதில்தான் போகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கையெழுத்து போட வேண்டிய பெரிய டாக்டர் அன்று வேறு கட்டடத்தில் இருந்தாராம்.

"உன் டாக்டரம்மா காரணம் எழுதுன சீட்ட வாயில கவ்விக்கினு, தரை ஈரமா கீதுன்னு செருப்பக் கழட்டி கையில புடிச்சிக்கினு ஓடுச்சு பாரு," என்றாள் பர்வீன், "நான் கல்யாண வூட்டுக்குக்கூட அப்படி ஓடினதில்ல."

நான் கண்ணைத் திறந்தபோது வெளிச்சம் சாய்ந்திருந்தது. தலைக்கு மேல் முதலில் தெரிந்தது அந்த மஞ்சள் பாட்டில்தான். ஒன்று முடிந்து இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கன்னியப்பன்.

"வித்துட்டியா?" என்றேன்.

"இன்னாத்த?"

"எஞ்சினய்யா. எங்கேர்ந்து காசு? வித்துட்டியா?"

"இல்ல கஸ்தூரி. யாரும் என்னிய ஒரு வார்த்த கேக்கல. வந்தாங்க, மாட்டுனாங்க. எஞ்சின் கரையிலதான் கீது."

எனக்கு அழுகை வராது. மார்க்கெட்டில் இருபது வருஷம் சண்டை போட்டவளுக்கு அது மறந்து போயிருந்தது. அன்று வந்தது. அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். எவனோ எவளோ கையை நீட்டிக் கொடுத்த ரத்தம். அவர்களுக்கு நான் யார் என்று தெரியாது. தெர்மோகோல் பெட்டியில் உப்பு போட்டு நாங்கள் பாழாக்கியதும் அதே மாதிரி யாரோ கொடுத்ததுதான். சங்கிலி போனதைவிட அதுதான் இன்றுவரைக்கும் உறுத்துகிறது.

கிருமிக்கு ஊசி போட்டார்கள். ஒரு நாள் விட்டு மறுபடி பாட்டில் ஏற்றினார்கள். அதற்கு மேல் ஏற்றவில்லை. நானும் கேட்கவில்லை. டாக்டரம்மா வந்து என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையைத்தான் முதலில் பார்த்தார். "கிட்னி தப்பிச்சிது" என்றார். அன்றைக்கு நான் திட்டியதற்கெல்லாம் சேர்த்து ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "மீன் சாப்பிடலாமா டாக்டரம்மா?" என்றுதான் வந்தது.

"நல்லா சாப்பிடுங்க. புரதம் வேணும். கருவாடு கண்ணுல படக்கூடாது."

வீட்டுக்கு அனுப்பும் முன் தொண்டை வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்த்தார்கள், ரத்தக் குழாய் எங்காவது வெடிக்கிற மாதிரி புடைத்திருக்கிறதா என்று. கன்னியப்பன், முருகேசன், பிள்ளைகள் எல்லோருக்கும் ரத்தம் பார்த்துத் தடுப்பூசி போட்டார்கள். பர்வீன் எனக்கு முன்னால் போய்விட்டாள். போகும்போது, "கடைக்கு வா, உன் வயித்துக்கு அளவு எடுத்து ரவிக்கை தைக்கறேன், இப்பத்தான் அளவு நிக்கும்" என்றாள். தைத்தும் கொடுத்தாள்.

நடக்க முடிந்ததும் அந்த நர்சிங் ஹோமுக்குப் போனேன். போகாமல் இருந்தால் நான் கஸ்தூரி இல்லை. டாக்டர் என்னை ஞாபகம் வைத்திருந்தார். "இன்னா சாப்புடறன்னு ஒரு தபா கேட்டியா சார்?" என்று கேட்டேன். வெளியே நோயாளிகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "ரிப்போர்ட்ல கம்மியா இருந்திச்சு. உங்க வீட்டுக்காரர்தான் செலவப் பாக்காதீங்கன்னார்" என்றார். அவர் திருடர் என்று சொல்ல மாட்டேன். எண் குறைந்தது, ஊற்றினார். கன்னியப்பன் அப்படிச் சொன்னதும் நிஜம்தான். ஆனால் பாசத்தில் ஒருவன் சொல்கிற வார்த்தை மருந்துக்குக் காரணம் ஆகுமா? இதைப் படிக்கிறவர்கள் இனி அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். எதுக்கு என்று கேளுங்கள். கேட்டால் பாசம் குறைந்துவிடாது.

போன வாரம் கடையில் இருந்தேன். சீனிவாசபுரத்துப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் அட்டைப் பெட்டி.

"அக்கா, கொஞ்சம் ஐஸு குடுக்கா. மாமியாருக்கு மருந்து. கூலிங் வுடக் கூடாதாம்."

பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். மஞ்சள் பாட்டில்.

"எதுக்குப் போடறாங்கன்னு கேட்டியா?"

"டாக்டரு எழுதுனாருக்கா. எதுக்குன்னு எப்பிடிக் கேக்கறது? கோச்சிக்குவாரு."

"கோச்சிக்கட்டும். வயித்துல தண்ணி எடுத்தாங்களா, கிருமி கீதா, கிட்னி போச்சான்னு கேளு. ஆமான்னா உடனே போடச் சொல்லு. இல்லன்னா எதுக்குன்னு மறுபடி கேளு. நான் சொன்னேன்னு சொல்லாத."

அவள் மாமியாருக்கு அது கட்டாயம் தேவையாகவே இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? அதனால் ஐஸை அள்ளினேன். அடியில் ஐஸ், அதன் மேல் மடித்த துண்டு, அதன் மேல் பாட்டில், ஐஸ் நேராகப் படாமல். முருகேசன் பெட்டியை மூட வந்தான். பழக்கம் பாருங்கள், அவன் கை தானாகக் கல்லுப்பு டப்பாவுக்குப் போயிற்று.

"உப்பத் தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்" என்றேன்.

டப்பாவை அப்படியே கீழே வைத்துவிட்டான்.